ஆறாவது ஆளுக்கு ஒரு மலிம்

ஆறு பேர் என்றதில்தான் வம்பு வந்தது. ஐவராகப் போயிருந்தால் ஒரு மலிம் போதும். கினபாலு பூங்காவில் மலையேறும் ஐந்து பேருக்கு ஒரு மலிம் குனுங் என்பது கணக்கு. தம்பியின் பிள்ளைகள் இருவர், அவர்களுடைய கூட்டாளிகள் மூவர் என்று கணக்கு நேராகத்தான் இருந்தது. ஐம்பத்தாறு வயதில் ‘நானும் வரேன்’ என்று போய் நின்றேன். முகவர் அனுப்பிய விலைப்பட்டியலில் வழிகாட்டிக் கூலி இரண்டாகிவிட்டது.

“ஒரு அத்தைக்குத் தனியா ஒரு மலிமா? நாங்க அஞ்சு பேர் இருக்கோமே, பார்த்துக்க மாட்டோமா?” என்று தம்பி மகன் கைப்பேசியில் வாதாடினான். அந்த மலையைக் காணொளிகளில் பார்த்துப் பார்த்தே பாதி ஏறிவிட்டவன் அவன். பாதை போட்டிருக்கிறது, அரைக் கிலோமீட்டருக்கு ஒரு பலகை நட்டிருக்கிறது, பாறையில் கயிறு கட்டியிருக்கிறது, பிறகு வழிகாட்ட என்ன இருக்கிறது என்பது அவன் கட்சி.

எனக்கு அது பழகிய பேச்சு. கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் கிராணியாக இருந்தவள் நான். பெரிய கப்பல் எதுவானாலும் உள்ளூர் பைலட் ஏறித்தான் துறைக்குள் கொண்டுவந்து கட்ட வேண்டும். கேப்டன் எத்தனை கடல் பார்த்தவராக இருந்தாலும் பைலட் கூலி பில்லில் உண்டு. என் கப்பலை எனக்கு ஓட்டத் தெரியாதா என்ற முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே அந்த பில்லைத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். இப்போது பில் என் கைக்கு வந்ததும் நானும் முணுமுணுத்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மலிம் என்ற சொல்லும் கடலிலிருந்து மலை ஏறியதுதான். ஆசிரியர் என்று பொருள்படும் ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல் மரக்கலங்களோடு கிழக்கே வந்து மலாயில் மலிம் ஆயிற்று, தமிழில் மாலுமி ஆயிற்று. கப்பலுக்கு வழி சொன்னவரை மலாய்க்காரர்கள் மலைக்கும் வைத்துக்கொண்டார்கள். குனுங் என்றால் மலை. இரண்டாவது மலிமின் கூலியைப் பார்த்து வந்த எரிச்சல், மாலுமி என்று நினைத்துப் பார்த்ததும் கொஞ்சம் தணிந்தது. கட்டிவிடலாம் என்றேன்.

அது 2018 அக்டோபர். பயணம் அடுத்த ஏப்ரலில். நடுவே ஆறு மாதம். ஓய்வு பெற்ற கிராணிக்கு ஆறு மாதம் சும்மா இருக்க வராது. மலையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

கினபாலுவில் ஏறியதாக எழுத்தில் பதிவான முதல் ஆள் ஹியூ லோ. லபுவான் தீவில் ஆங்கிலேயர் நடத்திய குடியேற்றத்தில் செயலராக இருந்தவர், செடிகொடிப் பித்தர். 1851 மார்ச்சில் ஏறினார். மலையின் மேற்கு அடிவாரத்தில் கியாவ் என்று டூசுன் மக்களின் கம்பம், அதாவது கிராமம், ஒன்று உண்டு. வழி அந்தக் கம்பத்துக்குள்தான் போகும், அவர்கள் சரி என்றால்தான் மேலே போகும். கியாவ் தலைவர் லெமாயிங் வழிகாட்டியாகப் போனார். லோ உச்சியில் உள்ள கற்பரப்புவரை போய்ச் சேர்ந்தார். ஆனால் எல்லாவற்றிலும் உயர்ந்த முனையைப் பார்த்துவிட்டு, சிறகுள்ள பிராணிக்குத்தான் அது ஆகும் என்று எழுதிவிட்டு இறங்கினார். வந்ததற்கு அடையாளமாக அங்கே ஒரு சீசாவை விட்டு வந்தார்.

ஐந்து வருடம் கழித்து, 1856இல், தாமஸ் லாப் வந்தார். இங்கிலாந்தில் வீச் என்ற பெயர்பெற்ற நாற்றுப்பண்ணைக்காகக் கிழக்கு நாடுகளில் அலைந்து செடி சேகரித்தவர். கம்பத்தார் அவரை ஏறவிடவில்லை. மலையைக் கீழேயிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். பெர்மிட் மறுக்கப்பட்ட முதல் பயணி என்று அவரைத்தான் நான் வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் தம்பி மகனின் கட்சி விழுந்தது, கூடவே என்னுடையதும். பூங்கா வந்து, சட்டம் வந்து, யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று வழிகாட்டியை வைத்தார்கள் என்றே நினைத்திருந்தோம். பூங்கா அமைந்தது 1964இல். அதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்னாலேயே வழிகாட்டி இருந்திருக்கிறார், கூலிப் பேரம் இருந்திருக்கிறது, உன்னை ஏற்ற மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் இருந்திருக்கிறது. பூங்கா வந்து செய்தது அதற்கு ரசீது போட்டதுதான்.

1858இல் லோ இரண்டு முறை மறுபடி வந்தார். புருணையில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஸ்பென்சர் செயின்ட் ஜான் கூட வந்தார். லோ ஏழு வருடம் முன்பு வைத்த சீசா அப்படியே கிடைத்தது. இந்தப் பயணங்களில் லோ கண்டெடுத்த ராட்சசக் குடுவைச்செடிக்கு, சரவாக்கை ஆண்ட ராஜா புரூக்கின் நினைவாக ‘ராஜா’ என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் என்னைப் பிடித்து வைத்தது செடி இல்லை. மேலே போகும் வழியில் டூசுன் வழிகாட்டிகள் பாறையில் படர்ந்த பாசியைக் காட்டி, எங்கள் முன்னோர்களின் ஆவி தின்பது இதைத்தான் என்றார்களாம். பக்கத்தில் ஒரு புல். செத்துப்போன எஜமானர்களின் பின்னாலேயே போய்ச் சேர்ந்த எருமைகளுக்கு அது தீனி. செயின்ட் ஜான் இதையெல்லாம் தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

அம்மாவிடம் மலையேறப் போகிறோம் என்று சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, “மேல என்ன சாமி?” என்பதுதான். மலை என்றால் மேலே முருகன் இருந்தாக வேண்டும் அவளுக்கு. சாமி இல்லைம்மா, சும்மா மலை என்று சொல்லியிருந்தேன். செயின்ட் ஜானைப் படித்த அன்று போய்த் திருத்திச் சொன்னேன்: அவங்க தாத்தா பாட்டியெல்லாம் அங்கதான் இருக்காங்களாம், மாட்டோட. “அப்ப சரி,” என்றாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

உயர்ந்த முனையில் கடைசியில் கால் வைத்தவர் ஜான் வைட்ஹெட், 1888இல். பறவை சேகரிக்க வந்தவர். அந்த மலைக்காட்டுப் பறவைகள் மூன்று இன்றும் அவர் பெயரைச் சுமக்கின்றன. ஆனால் அவர் ஏறிய முனைக்கு லோ முனை என்று பெயர். ஏற முடியாது என்று விட்டுப்போனவர் பெயர் உச்சிக்கு, ஏறியவர் பெயர் குருவிக்கு. பக்கத்து முனைகள் செயின்ட் ஜான், விக்டோரியா, அலெக்சாண்ட்ரா, எட்வர்ட். விக்டோரியா ராணி இந்தத் தீவுப்பக்கமே வந்ததில்லை.

1910இல் லிலியன் கிப்ஸ் என்ற தாவரவியலாளர் ஏறினார், உச்சி தொட்டதாகப் பதிவான முதல் பெண். அதே வருடம் ஏறிய முதல் நாயின் பெயரும் பதிவில் இருக்கிறது: விக்சன், புல்டெரியர் இனம். கிப்ஸ் அம்மாளின் பெட்டிகளைச் சுமந்து முன்னே நடந்தவர்களின் பெயர்களைத் தேடினேன். நாயின் பெயர்தான் அகப்பட்டது.

வழிகாட்டிகளில் பெயர் நின்றவர் பூண்டு துகான் கம்பத்தைச் சேர்ந்த குந்திங் லாகடான். மேலே ஒரு தங்குமிடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். லெமாயிங் பெயரிலும் இப்போது ஒரு விடுதி இருக்கிறது. துரைமார்களுக்கு முனை, மலிம்களுக்குக் கட்டில் என்று பங்கு பிரித்த மாதிரிதான். ஆனால் குளிரில் நடுங்கிக்கொண்டு போய்ச் சேருகிறவருக்கு இரண்டில் எது பெரிது என்பதை அங்கே போன பிறகுதான் யோசித்தேன்.

கட்டில் என்றதும் திட்டமிட்ட கதைக்கு வர வேண்டும். கினபாலுவுக்கு நாள் குறிப்பது நாமில்லை, மேலே உள்ள கட்டில். 3,272 மீட்டர் உயரத்தில் உள்ள லாபான் ராத்தா பகுதியில் படுக்கை கிடைத்தால்தான் பெர்மிட்டைப் பற்றிப் பேச முடியும். நிலநடுக்கத்துக்குப் பிறகு 2015 டிசம்பரில் உச்சிப் பாதையை மறுபடி திறந்தபோது ஒரு நாளைக்கு 135 பேர் என்றார்கள். உலகம் முழுவதும் அந்தக் கட்டில்களுக்கு அடித்துக்கொள்கிறது. நாங்கள் கேட்ட மூன்று தேதிகளும் போய், நான்காவதாக ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தம்பி மகளுக்கு அன்று பரீட்சை இல்லை என்பதும் அதிர்ஷ்டம்.

பயிற்சிக்குப் பத்துமலை. 272 படி. வாரத்தில் மூன்று நாள் விடியுமுன் போய் ஐந்து தடவை ஏறி இறங்கினேன். பால்குடக்காரர்களும் குரங்குகளும் என்னை ஏதோ பெரிய நேர்த்திக்கடன்காரி என்று நினைத்திருக்க வேண்டும். குரங்குகள் மட்டும் வழிவிடவில்லை.

கோத்தா கினபாலுவில் இறங்கினால் உள்நாட்டு விமானத்தில் வந்திருந்தும் குடிநுழைவு வரிசை. தீபகற்பத்துக்காரர்களுக்கும் சபாவில் அனுமதிச் சீட்டு உண்டு. 1963இல் மலேசியாவில் சேர்ந்தபோது சபா கேட்டு வாங்கிக்கொண்ட உரிமைகளில் குடிநுழைவும் ஒன்று. தம்பி மகன் என்னைப் பார்த்து, “அத்தே, இதுவும் கியாவ் கம்பம்தான்,” என்றான். பையனுக்கு நான் சொன்ன கதையெல்லாம் காதில் விழுந்துதான் இருக்கிறது.

மறுநாள் காலை திம்போஹான் வாசலில், 1,866 மீட்டரில், இரண்டு மலிம்கள் நின்றார்கள். இளையவர் ஐந்து பிள்ளைகளோடு போனார். எனக்கு வாய்த்தவர் ஐம்பதைத் தொட்டவர், பூண்டு துகான்காரர், குட்டையான உறுதியான மனிதர். “ஆன்ட்டி மெதுவா நடங்க. எனக்கு அவசரமில்லை, மலைக்கும் அவசரமில்லை,” என்றார் மலாயில். அரை மணி நேரத்தில் பிள்ளைகள் கண்ணில் மறைந்தார்கள். அன்று பகல் முழுக்க எனக்கென்று ஒரு மாலுமி.

வழியில் எங்களைத் தாண்டிப் போனவர்கள் பயணிகள் மட்டுமில்லை. மூங்கிலும் பட்டையும் கொண்டு செய்த வாக்கிட் என்ற முதுகுக்கூடையில் முட்டைத் தட்டு, காய்கறி, எரிவாயு உருளை வரை ஏற்றிக்கொண்டு என் வயதுப் பெண்கள் போனார்கள். மேலே சாப்பாட்டுக்கூடத்தில் நாம் தின்கிற ஒவ்வொரு வாய்ச் சோறும் இப்படி யாரோ ஒருவர் முதுகில் ஏறியதுதான். நான் ஒரு தண்ணீர்க் குடுவையோடு மூச்சு வாங்கினேன்.

மலிம் மலையை கினபாலு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மூன்றாவது கிலோமீட்டரில் கவனித்துக் கேட்டேன். “காயோ ஙாரான்” என்றார். பெரிய பெயர் என்று அர்த்தம். சொந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் மரியாதையாகக் குறிப்பிடுவது அது. என் பாட்டி சாகும்வரை தாத்தாவின் பெயரைச் சொன்னதில்லை. தாத்தாவின் பெயர் வெள்ளைச்சாமி, அதனால் வீட்டில் வெள்ளை நிறத்துக்கே வேறு வார்த்தை தேட வேண்டியிருந்தது. இதை என் அரைகுறை மலாயில் அவருக்குச் சொன்னேன். நின்று, தொப்பியைக் கழற்றிச் சிரித்தார். வருடத்தில் ஒரு நாள், டிசம்பரில், மலையைப் பயணிகளுக்கு மூடி, பூண்டு துகான்காரர்கள் மட்டும் குடும்பத்தோடு ஏறும் வழக்கம் 2010 முதல் நடக்கிறது என்றார். அன்று பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவாராம்.

அவருடைய தாத்தா செடி பறிக்க வந்த துரைமார்களுக்குப் பெட்டி சுமந்தவர். எந்தத் துரை என்று அவருக்குத் தெரியவில்லை. கார்னராக இருக்கலாம் என்று என் கிராணிப் புத்தி கணக்குப் போட்டது. எட்ரெட் கார்னர் தலைமையில் லண்டன் ராயல் சொசைட்டி 1961இலும் 1964இலும் இரண்டு ஆய்வுக்குழுக்களை அனுப்பியது. இந்த மலையைக் காக்க வேண்டும் என்று கார்னர் போட்ட சத்தத்தில்தான் பூங்காவே பிறந்தது. இன்றைக்கு 754 சதுரக் கிலோமீட்டர், 2000 முதல் யுனெஸ்கோ உலக மரபுடைமை. காத்தது சரிதான். ஆனால் கோடு போட்ட நாளிலிருந்து, தங்கள் முன்னோர் இருக்கும் இடத்துக்குப் போக மலையடிவாரத்துக்காரர்களே வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. மலிமிடம் அதைக் கேட்டேன். “இந்த அட்டை இருக்கே,” என்று கழுத்தில் தொங்கிய மலிம் அட்டையைத் தட்டிக் காட்டிவிட்டு நடந்தார்.

பானாலாபான் என்ற இடத்தில் காடு முடிந்து பாறை தொடங்குகிறது. அந்தப் பெயருக்கே பலியிடும் இடம் என்றுதான் பொருள். பழைய நாளில் இங்கே ஏழு வெள்ளைக் கோழி, ஏழு முட்டை, வெற்றிலை, புகையிலை எல்லாம் வைத்து ஆவிகளிடம் அனுமதி கேட்டுத்தான் மேலே போவார்கள். மோனோலோப் என்று அந்தச் சடங்குக்குப் பெயர். இப்போது வருடத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் சேர்த்துச் செய்கிறார்கள். நான் முகவருக்குக் கட்டிய பட்டியலை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன்: பூங்கா நுழைவு, ஏறும் பெர்மிட், காப்புறுதி, மலிம். கோழியும் முட்டையும்தான் விடுபட்டிருந்தன.

அங்கே வெளியே உட்கார்ந்து மைலோ குடிக்கும்போதுதான் அவர் 2015 ஜூன் 5ஐப் பற்றிப் பேசினார். காலை ஏழேகால். நிலநடுக்கம், 6.0 அளவில். கழுதைக்காது என்று சொல்லப்படும் இரட்டை முனையில் ஒன்று முறிந்து விழுந்தது. பாறைகள் கொட்டின. 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். பிள்ளைகளை விட்டுப் போகாத மலிம்களும் இருந்தார்கள். மேலே 137 பேர் மாட்டிக்கொண்டார்கள். மேகத்தால் ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. பாதை இல்லாமல் போன மலையில், பின்னதிர்வுகளுக்கு நடுவே, மலிம்கள்தான் அவர்களை நடத்தியும் தூக்கியும் இறக்கினார்கள். இவர் ஒரு பெண்ணை முதுகில் சுமந்தாராம். “வாக்கிட் தூக்கின முதுகுதானே,” என்றார். அதற்குமேல் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்கு ஆறு நாள் முன்பு சில வெளிநாட்டுப் பயணிகள் உச்சியில் துணியைக் கழற்றிப் படம் எடுத்துக்கொண்டது பெரிய செய்தியானது. நான்கு பேருக்கு மூன்று நாள் சிறை, ஆளுக்கு 5,000 வெள்ளி அபராதம். மலை கோபித்துக்கொண்டது என்று உள்ளூரில் பலர் சொன்னபோது கோலாலம்பூரில் நாங்கள் சிரித்தோம். பூமிப்பிளவுக்கும் துணிக்கும் சம்பந்தமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் செருப்போடு சாமியறைக்குள் ஒருவன் போனால், மறுநாள் வீட்டில் சாவு விழுந்தால், என் அம்மா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். சிரித்தது தப்பு.

விடியற்காலை இரண்டரை மணிக்கு நெற்றி விளக்கோடு கிளம்பினோம். கயிற்றைப் பிடித்து, ஈரப் பாறையில், சாயாட் சாயாட் சோதனைச்சாவடியில் கழுத்து அட்டையைக் காட்டி. அங்கிருந்து பரந்து சாய்ந்த கருங்கல். எட்டாவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில் தலை கிர்ரென்று சுற்றி, வாந்தி வந்தது. உச்சிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கிழக்கே வெளுத்திருந்தது, லோ முனை கண்ணுக்குத் தெரிந்தது, அதன்மேல் எறும்பு மாதிரி ஆட்கள். அதில் ஐந்து எறும்பு எங்களுடையது.

“போயிடலாமா?” என்றேன்.

மலிம் என் நெற்றி விளக்கை அணைத்துவிட்டு, முகத்தை உற்றுப் பார்த்தார். “கீழே போறோம், ஆன்ட்டி,” என்றார். வாதாடும் தெம்பு இல்லை, பைலட்டிடம் கேப்டன் வாதாடி ஜெயித்ததையும் நான் பார்த்ததில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். எனக்கென்று இரண்டாவது மலிம் இல்லாமல் இருந்திருந்தால், அந்த ஐந்து பிள்ளைகளும் என்னோடு திரும்பியிருக்க வேண்டும்.

பூங்கா அலுவலகத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். உச்சி தொட்டவர்களுக்கு வண்ணத்தில், தொடாதவர்களுக்குக் கறுப்பு வெள்ளையில். பிள்ளைகள் ஐவரும் வண்ணத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். நான் என்னுடையதைத் தம்பி மகனிடம் காட்டி, “டேய், ஹியூ லோவுக்கும் இதைத்தான் கொடுத்திருப்பாங்க,” என்றேன்.

“அப்ப லெமாயிங்குக்கு?” என்றான்.

மலிம் அதற்குள் வாசலில் அடுத்த குழுவின் பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். போய் நூறு வெள்ளித் தாள் ஒன்றைக் கையில் வைத்தேன். அந்தத் தாளின் பின்பக்கத்திலும் அவருடைய மலைதான் இருக்கிறது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த குழுவில் எத்தனை பேர் என்று எண்ணினார். ஏழு பேர் இருந்தார்கள். இன்னொரு மலிமைக் கூப்பிடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.